கோரைத்தாங்கலில் ஒரு கரண்டிமூக்கு

பேப்பரில் பெயர் வருகிற யோகம் ஜீவரத்தினத்துக்கு ஐம்பத்தாறாவது வயதில்தான் வாய்த்தது. 2007 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மாவட்டச் செய்திகள் பக்கத்தில், கிணற்றில் விழுந்த எருமையை மீட்ட செய்திக்குக் கீழே, நாலு விரல் அகலத்துக்குப் போட்டிருந்தார்கள்: ‘முடிச்சூர் அருகே உலகின் அரிய பறவை.’ தாம்பரம் தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷமாக மெக்கானிக் வேலை பார்க்கிறவருக்கு இதுவே பெரிய காரியம். எத்தனை தடவை படித்தார் என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் மனைவி தனம் அதைக் கத்தரித்து பைபிளுக்குள் வைத்தாள். மனுஷன் அப்புறமும் போய்ப் போய் பைபிளைத் திறந்தார். புருஷனுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டதே என்று அவள் சிரித்தாள்.

அந்தச் செய்தியில் பாதி பொய். ஆனால் செவ்வாய்க்கிழமை அது அவருக்குத் தெரியாது. தெரிந்தது வியாழக்கிழமை.

கோரைத்தாங்கல் என்பது முடிச்சூரைத் தாண்டி, பிளாட் போட்டு நட்ட மஞ்சள் கற்கள் முடிகிற இடத்தில் இருந்த சின்ன ஏரி. மழைக்காலத்தில் தளும்பும். மாசி பிறந்ததும் ஓரம் வற்றி, முப்பது நாற்பது ஏக்கருக்கு வெறும் சேறாகக் கிடக்கும். ஊர்க்காரர்களுக்கு அது நாற்றம். ஜீவரத்தினத்துக்கும் அவர் கூட்டாளி கிட்டுவுக்கும் அதுதான் ஞாயிற்றுக்கிழமை. பதினாலு வருஷமாக ஒரு ஞாயிறு தவறாமல், பழைய ஸ்கூட்டரில் ஜீவரத்தினம் ஓட்ட, கிட்டு பின்னால் நீள நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார, இருவரும் விடிவதற்குள் கரைக்கு வந்துவிடுவார்கள். கிட்டு அதே ஆபீசில் குமாஸ்தா. பொழிச்சலூரில் வீடு.

அவர்கள் வந்தது உள்ளான்களுக்காக. சைபீரியாப் பக்கத்திலிருந்து குளிருக்குத் தப்பி வருகிற குருவிகள். அதிலும் கொசு உள்ளான் என்று ஒன்று உண்டு. உள்ளங்கையில் அடங்கிவிடும், கனமே தெரியாது. சேற்றின் நிறம்தான் அதன் நிறமும். அது ஓடினால்தான் அங்கே குருவி இருப்பதே தெரியும். ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். நெடுங்கால் உள்ளான் முழங்கால் ஆழத்தில் நின்று மேயும். பவளக்காலி கொஞ்சம் இப்பால் நின்று, நீள அலகை ஆழமாக விட்டுப் புழுவை இழுக்கும். இந்தப் பொடிசுகள் அவற்றின் கால்களுக்கு நடுவே ஓடி, மேல் சேற்றில் கிடைப்பதைப் பொறுக்கிக்கொள்ளும். அலகின் நீளம் வேறு வேறு என்பதால் ஒருத்தர் சாப்பாட்டில் ஒருத்தர் கைவைப்பதில்லை. நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்த ஒழுங்கைப் பார்க்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. எங்கே ஆள்காட்டி நிற்கிறதோ, அங்கேதான் கொசு உள்ளான் கூட்டம் இறங்கும். ஆள்காட்டி, மூச்சுக்கு முந்நூறு தரம் சுற்றிப் பார்க்கிற பறவை. நாய் வந்தால், வல்லூறு வந்தால், மனுஷன் வந்தால் ஊரைக் கூட்டிவிடும். அது கத்தினால் பொடிசுகள் எழும்பும், சும்மா இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு மேயும். தனியாக ஏறிட்டுப் பார்க்கிற வேலையே அவற்றுக்குக் கிடையாது.

ஜீவரத்தினமும் கிட்டுவும் ஒரு வட்டத்தில் உறுப்பினர்கள். தென்சென்னைப் பறவை நோக்குவோர் வட்டம். மொத்தம் பதினெட்டுப் பேர். தலைவர் கஸ்தூரிரங்கன், பறவை விஷயத்தில் பொல்லாத மனிதர். அந்த வட்டத்துக்கு ஒரு விதி: அபூர்வமான பறவை எதையாவது பார்த்தால், இரண்டு பேர் பார்த்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்தது கணக்கில் சேராது. தனிக் கண் ஆசைப்பட்டதைப் பார்க்கும் என்பார் கஸ்தூரிரங்கன்.

வட்டத்துக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. இரண்டு வருஷமாகக் கிட்டுவுக்குக் கண் தெரியவில்லை. சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. எதிரே வருகிற பஸ் தெரியும், பஸ்ஸின் நம்பர் தெரியாது. ஐம்பது கஜத்துக்கு அப்பால் குருவியும் இல்லை, சேறும் இல்லை, எல்லாம் ஒரே கலங்கல். ஞாயிற்றுக்கிழமை போய்விடுமே என்ற பயத்தில் அவர் ஜீவரத்தினத்தைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. ஜீவரத்தினம் பைனாக்குலரில் எண்ணி எண்ணிச் சொல்வார். கிட்டு நோட்டை மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு பெரிய பெரிய எழுத்தில் எழுதிக்கொள்வார். அவ்வளவுதான் ஏற்பாடு. அதில் இருவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

அந்த வருஷம் கோரைத்தாங்கலுக்குக் கேடு வந்தது. ஒரு கம்பெனி, தாங்கலின் தென்பாதி தனக்குப் பட்டா நிலம் என்று காகிதம் காட்டி, மண்ணடித்து வீடு கட்ட அனுமதி கேட்டிருந்தது. ஆட்சேபம் இருந்தால் பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை, விசாரணையில் சொல்லலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆட்சேபம் சொல்ல ஊரில் ஒரு ஆள் இல்லை. இவர்கள் இரண்டு பேரும்தான் பதினாலு நோட்டுகளோடு மனுக் கொடுத்தார்கள். அந்த மாதக் கணக்கு மட்டும் மூவாயிரத்து இருநூறு கொசு உள்ளான்.

பதினொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறுகிற நேரம். மதகுக்குப் பக்கத்தில் ஒரு ஆள்காட்டி ஜோடி நிற்க, அதைச் சுற்றிக் கொசு உள்ளான்கள் மேய்ந்தன. அதில் ஒன்று இடது காலை நொண்டிக்கொண்டு ஓடியது. ஜீவரத்தினம் பைனாக்குலரை அதன்மேல் வைத்தார். அதன் அலகின் நுனி தட்டையாக, அகலமாக இருந்தது. கரண்டி.

அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போனது. கரண்டிமூக்கு உள்ளான் என்பது கொசு உள்ளானுக்குப் பங்காளி முறை. அளவு, நிறம், நடை எல்லாம் ஏறக்குறைய ஒன்று, அலகு மட்டும் வேறு. உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். அது இருக்கிற சேற்றில் ஒருவனும் ஒரு கூடை மண் கொட்ட முடியாது.

“கிட்டு... கரண்டிமூக்குடா.”

“என்னது?”

“கரண்டிமூக்கு! நொண்டிக்கிட்டு ஓடுது பாரு, ஆள்காட்டிக்கு வலது பக்கம்!”

கிட்டு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவருக்குத் தெரிந்தது வெளிச்சம் மட்டும்தான். அதற்குள் கூட்டம் எழும்பிப் போய்விட்டது.

“நிச்சயமா பாத்தியா ஜீவா?”

“என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

“அப்ப சரி. நான் பாத்தா என்ன, நீ பாத்தா என்ன?” என்று சொல்லிவிட்டுக் கிட்டு நோட்டைத் திறந்தார். ஜீவரத்தினம் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் எழுதினார். தட்டை அலகு, இடது கால் ஊனம், மதகடி மூலை. அடியில், நேரில் பார்த்தவர்கள் என்ற இடத்தில் இரண்டாவது கையெழுத்தைப் போட்டார். முப்பது வருஷம் ஆபீசில் ஒரு நாள்கூட வராத நாளுக்கு வந்ததாகக் கையெழுத்துப் போடாத மனிதர் அவர்.

திங்கட்கிழமை அது மனுவோடு சேர்ந்தது. நிருபர் ஒருவர் பார்த்துவிட்டார். செவ்வாய்க்கிழமை பேப்பர். புதன்கிழமை கஸ்தூரிரங்கனே போன் செய்து, “நம்ம வட்டத்துக்கே பெருமை, ஜீவரத்தினம்” என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஜீவரத்தினம் அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை காலை ஆபீஸ் போகிற வழியில் தாங்கலை எட்டிப் பார்க்கப் போனார். மதகுக்குப் பக்கத்தில் லோகு உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். தாங்கலில் மீன் பிடிப்பவன். மதகடியில் அவனுக்கு ஒரு குடிசை, பெண்டாட்டி அஞ்சலி, இரண்டு ஆடு. தாங்கல் போனால் அவன் பிழைப்பும் போகும். அதனால் இவர்கள் மனுக் கொடுத்ததில் அவனுக்குச் சந்தோஷம்.

“சார், வா சார். உன் குருவி ஒண்ணு என் வலையில மாட்டிக்கினு கீது” என்று இடது கையைத் தூக்கிக் காட்டினான். விரல் இடுக்கில் ஒரு கொசு உள்ளான், கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. “ஆள்காட்டி ரெண்டும் நாயைத் தொரத்திகினு அந்தாண்ட பூட்ச்சி. கத்த ஆளில்லன்னா இதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார். நேரா வலையில வந்து வுயுந்துச்சி.”

ஜீவரத்தினம் பக்கத்தில் போய்ப் பார்த்தார். இடது கால், முட்டிக்குக் கீழே எப்போதோ முறிந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. அலகு கறுப்பாக, ஊசி மாதிரி, நுனிவரை மெலிந்து இருந்தது.

“இது வேற லோகு. இது கொசு உள்ளான்.”

“வேறயா? இந்த மூலையில நொண்டி ஒண்ணே ஒண்ணுதான் சார் கீது. நான் தெனம் பாக்கறனே. பேப்பர்ல நொண்டின்னுதான போட்டிருந்துச்சி? அஞ்சலி படிச்சிக் காட்டுச்சி.”

“அதோட மூக்கு தட்டையா இருந்துதுய்யா. கரண்டி மாதிரி.”

 லோகு குருவியின் தலையை மெதுவாகக் குனிய வைத்து, அதன் அலகைக் காலடியில் இருந்த பாசிச் சேற்றில் அழுத்தி எடுத்தான். அலகின் நுனியில் ஒரு சின்ன உருண்டை ஒட்டிக்கொண்டு வந்தது. அதை இரண்டு விரலால் இலேசாக அமுக்கினான். தட்டையாக, அகலமாக ஆனது.

“இந்த மாரியா சார்?”

அதே மாதிரிதான்.  லோகு கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தான். கரண்டி உதிர்ந்து, ஊசி மூக்கு மறுபடி வந்துவிட்டது.

“சேத்துல மூக்க வுட்டா அல்லாத்துக்கும் கரண்டிதான் சார். இதுக்கா இத்தினி பேஜாரு?”

“லோகு, இதை யார்கிட்டயும் சொல்லாதே.”

“நான் இன்னாத்துக்கு சார் சொல்லப்போறேன்? ஏரி நின்னா எனக்குந்தான நல்லது.” கையை விரித்தான். குருவி விழுந்தடித்துக்கொண்டு பறந்தது.

வியாழனிலிருந்து திங்கள்வரை நாலு நாள். ஒரு போன் போதும். கிட்டு, நான் ஏமாந்துட்டேன், அந்தத் தாளைக் கிழிச்சிடு என்றால் முடிந்தது. பார்த்தது தப்பாகப் போவது பறவை பார்க்கிற எவனுக்கும் நடப்பதுதான். அதில் ஒரு பாவமும் இல்லை. ஆனால் அவர் போன் செய்யவில்லை. தாங்கலைக் காப்பாற்றத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பாதி நிஜம். மீதிப் பாதி அந்த பைபிளுக்குள் இருந்தது. பதினாலு வருஷம் ஒழுங்காக எண்ணியவனை ஒரு நாய் சீண்டவில்லை, ஒரு கரண்டிமூக்கைச் சொன்னதும் ஊரே திரும்பிப் பார்த்தது. அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை, தலைவலி என்று கிட்டுவிடம் பொய் சொல்லிவிட்டு வீட்டிலேயே கிடந்தார்.

திங்கட்கிழமை விசாரணை. நீள மேசை, மேலே கிறீச்சிடுகிற மின்விசிறி. அதிகாரி சின்ன வயசுக்காரர், முகத்தில் நல்லதனம் தெரிந்தது. கம்பெனி வக்கீல் பணிவானவர், எழுந்ததும் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். அதிகாரி கிட்டுவின் நோட்டுகளை ஒன்றொன்றாகப் புரட்டினார். நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

“பதினாலு வருஷமா வாராவாரம் எண்ணியிருக்கீங்களா? எங்ககிட்டயே இப்படி ஒரு ரெக்கார்டு கிடையாது. உண்மையைச் சொன்னா, இதை வெச்சே நான் அனுமதியை நிறுத்தி வைக்க எழுதலாம்.”

ஜீவரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதை வெச்சே. அப்படியானால் கரண்டிமூக்கு தேவையே இல்லை. மூவாயிரத்து இருநூறு சாதாரணக் குருவிகள் போதும். இப்போது எழுந்து, ஐயா, அந்தக் கடைசித் தாள் மட்டும் எங்கள் தவறு, அதைத் தள்ளிவிடுங்கள் என்று சொன்னால் வேலை முடிந்துவிடும். அவர் நாற்காலியின் கையைப் பிடித்தார். எழுந்திருக்க முழங்கால் தயாராகத்தான் இருந்தது.

அதற்குள் வக்கீல், “அந்த அரிய பறவையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி, ஐயா. இரண்டாவது சாட்சியைக் கேட்கலாமா?” என்றார்.

கிட்டு எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வக்கீல் நின்ற பக்கம் பார்க்காமல், ஜீவரத்தினம் உட்கார்ந்திருந்த பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு பேசினார்.

“நீங்களே நேரில் பார்த்தீங்களா சார்?”

“பார்த்தேன்.”

“அலகு?”

“நுனி தட்டையா, கரண்டி மாதிரி. நல்ல வெளிச்சம். சந்தேகமே கிடையாது.”

“கால்?”

“இடது கால் ஊனம். மதகடி மூலையில ஆள்காட்டிக்கு வலது பக்கம் மேஞ்சுக்கிட்டிருந்தது. ஒரு ரெண்டு மூணு நிமிஷம் நல்லாவே பார்த்தோம்.”

ரெண்டு மூணு நிமிஷம் என்று ஜீவரத்தினம் சொன்னதே இல்லை. அதைக் கிட்டுவாகவே சேர்த்தார், சிநேகிதனுக்குப் பலமாக இருக்கட்டும் என்று. ஜீவரத்தினம் மேசையின் ரெக்சினைப் பார்த்தபடி இருந்தார். தொண்டையைக்கூடச் செருமவில்லை.

வக்கீல் உறையிலிருந்து ஆறு போட்டோக்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். கம்பெனி, பேப்பரைப் படித்துவிட்டு, பெரிய லென்ஸ் வைத்த ஒருவரை மூன்று நாள் மதகடியில் உட்கார்த்தி வைத்திருந்தது. நொண்டியைத் தேடுவது கஷ்டமா என்ன, அடையாளத்தை இவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்களே. முதல் போட்டோவில் நொண்டிக் குருவி சேற்றில் அலகை விட்டிருந்தது. இரண்டாவதில் மண் உருண்டையோடு தலையைத் தூக்கியிருந்தது. அதைப் பார்த்தால் யாரும் கரண்டி என்றுதான் சொல்வார்கள். மூன்றாவதிலிருந்து வெறும் ஊசி மூக்கு.

“இரண்டு மூன்று நிமிஷம் நல்லாவே பார்த்திருக்கார், ஐயா” என்றார் வக்கீல். குரலை உயர்த்தவே இல்லை.

அதிகாரி போட்டோக்களைக் கிட்டுவின் பக்கம் நகர்த்தினார். கிட்டு ஒன்றை எடுத்து மூக்குக்குக் கிட்டே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அவருடைய கண்ணின் நிலைமை அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துபோனது. வக்கீல் அதற்குமேல் கேள்வி கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

உத்தரவு பத்து நாளில் வந்தது. மனுதாரர்கள் பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்திட்டிருப்பதால், அவர்கள் தரும் எந்தப் பதிவேட்டையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. கஸ்தூரிரங்கனும் ஒரு கடிதம் எழுதினார். இருவர் பெயரும் நீக்கப்பட்டன. பதினாலு வருஷக் கோரைத்தாங்கல் கணக்கும் வட்டத்தின் பதிவிலிருந்து எடுக்கப்பட்டது.

ஏப்ரல் முதல் வாரம் லாரிகள் வந்தன. கொசு உள்ளான்கள் வடக்கே கிளம்ப இன்னும் மூன்று நாலு வாரம் இருந்தது. அவ்வளவு தூரம் பறக்க உடம்பில் கொழுப்புச் சேர்க்கிற நேரம். லாரி கொட்டக் கொட்ட, அவை மிச்சச் சேற்றுக்கு ஒதுங்கி ஒதுங்கி மேய்ந்தன. ஆள்காட்டி ஜோடி காலையிலிருந்து சாயங்காலம்வரை கத்திக்கொண்டே இருந்தது. ஓயாமல் கத்தினால் யார் கேட்பார்கள்? பொடிசுகள் அதை விட்டுவிட்டன. ஐந்தாம் நாள் கூட்டம் போய்விட்டது. லோகுவின் குடிசையையும் பிரித்துவிட்டார்கள். அவன் ஆடுகளை விற்றுவிட்டுப் பம்மல் பக்கம் போனதாகச் சொன்னார்கள்.

கூட்டம் போன அன்று சாயங்காலம் ஜீவரத்தினம் பொழிச்சலூருக்குப் போனார். கிட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே விமானம் ஒன்று தாழ்வாக இறங்கிக்கொண்டிருந்தது. 

“வா ஜீவா. காபி சாப்பிடறியா?”

“வேணாம்.”

“கஸ்தூரிரங்கன் போன் பண்ணான். நல்லாத் திட்டிட்டேன். ஜீவா ஏமாந்துதான் போனான்யா, பொய் சொல்ற ஆள் இல்லேன்னு சொன்னேன். கையெழுத்து போட்டது என் தப்பு, அவனை ஒண்ணும் சொல்லாதேன்னேன்.”

 ஜீவரத்தினம் அதோடு திரும்பிப் போயிருந்தால் அந்தச் சிநேகிதம் பிழைத்திருக்கும். ஆனால் அவரால் தாங்க முடியவில்லை.

“கிட்டு, எனக்கு முன்னாடியே தெரியும்டா. வியாழக்கிழமையே தெரியும். லோகு அந்தக் குருவியைப் பிடிச்சு என் கண்ணு முன்னாடியே காட்டினான். சேறுதான். எனக்குத் தெரிஞ்சுதான் நான் வந்து உக்காந்திருந்தேன்.”

 உள்ளே குக்கர் இரண்டு விசில் அடித்தது.

“நான் பேசும்போது உன் பக்கம்தான் பாத்துக்கிட்டிருந்தேன்” என்றார் கிட்டு. “முகம் தெரியாது. தப்பா ஏதாவது சொன்னா நீ இருமுவே, கனைப்பேன்னு நெனச்சேன். நீ சும்மா இருந்தே. சரியாத்தான் போய்க்கிட்டிருக்குன்னு நான் பாட்டுக்கு அடுக்கிட்டேன்.”

“என்னை மன்னிச்சிடு கிட்டு.”

“அது கெடக்கட்டும்.” கிட்டு தொடையில் வைத்திருந்த இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டார். “ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. இந்த ரெண்டு வருஷமா நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேனே. ஆயிரத்து எண்ணூறு, ரெண்டாயிரத்து நானூறு, மூவாயிரத்து இருநூறு. அதெல்லாமாவது நெஜமா?”

“நெஜம்டா. ஒவ்வொண்ணும் எண்ணித்தான் சொன்னேன். தனம் மேல சத்தியமா நெஜம்.”

கிட்டு கொஞ்ச நேரம் அவர் குரல் வந்த திக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார். நாற்காலியின் கையைத் தடவிப் பிடித்து எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே உள்ளே போனார். அவர் நம்பவில்லை என்று ஜீவரத்தினத்துக்குத் தெரிந்தது.